ஸ்கேனில் 3.8 கிலோ என்றால் ஆபரேஷன்தானா?

கேட்டவர் காங்கேயம் பக்கம். முதல் பிரசவம், 38 வாரம், கட்டுச்சோறு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. போன வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தை 3.8 கிலோ என்று வந்திருக்கிறது. சர்க்கரை இல்லை, தலை கீழே இருக்கிறது, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "குழந்தை பெருசு, நார்மலுக்குப் போய் ரிஸ்க் எடுக்க வேண்டாம், புதன்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, "நானெல்லாம் இதைவிடப் பெருசா அஞ்சு பெத்தேன்" என்கிறாராம். பெரிய குழந்தை என்றாலே டாக்டர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள், காசுக்காகத்தானா, வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. ஈரோடு, திருப்பூர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் லேபர் வார்டு நர்ஸாக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் உங்களுக்கு நார்மல் ஆகும், ஆகாது என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சர்க்கரை இல்லாத ஒரு பெண்ணுக்கு 3.8 கிலோ என்கிற ஸ்கேன் கணக்கு ஒன்றை மட்டும் வைத்து ஆபரேஷன் செய்யவேண்டிய அவசியம் இல்லை. அதே சமயம் உங்கள் டாக்டரின் பயமும் பொய்யில்லை, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் புதன்கிழமைக்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேச முடியும்.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பது, குழந்தை பெரிதாக இருந்தால் தலை வெளியே வராது, அதுதான் பிரச்சினை என்று. தலை இறங்காமல் நிற்பது உண்மையில் டாக்டர்களுக்குப் பெரிய பயம் இல்லை. அது மெதுவாக, மணிக்கணக்கில் தெரியும். வலி நன்றாக இருந்தும் கர்ப்பப்பை வாய் திறப்பது அப்படியே நிற்கும், தலை மேலேயே இருக்கும், உச்சந்தலையில் வீக்கம் கட்டும், அப்போது பார்த்து ஆபரேஷனுக்கு எடுத்துப் போக நேரம் இருக்கும். பயம் எல்லாம் தோளைப் பற்றியது. தலை வெளியே வந்துவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி, அடுத்த வலியில் உடம்பு வழுக்கிக்கொண்டு வரவேண்டும், வரவில்லை. மேல் பக்கத்துத் தோள் அம்மாவின் முன்பக்க இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. வெளியே வந்த தலை ஆமை கழுத்தை இழுத்துக்கொள்வதுபோல் பின்னால் போய் கன்னம் இரண்டும் உப்பி நிற்கும். இதைத்தான் ஷோல்டர் டிஸ்டோசியா என்பார்கள். அந்த நிலையில் தொப்புள்கொடி நசுங்கியிருக்கும், குழந்தையால் மூச்சும் விட முடியாது. கையில் இருப்பது நாலைந்து நிமிஷம். தலையைப் பிடித்து வேகமாக இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து இழுபட்டு, கை அசையாமல் போகலாம்.

இது வரும் என்று முன்னாலேயே சொல்ல வழி கிடையாது. இதுதான் டாக்டர்களை ஆட்டிவைக்கிறது. 4 கிலோவுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளில் நூற்றில் ஒன்று என்ற அளவில் வருகிறது. 4 முதல் 4.5 கிலோவில், அம்மாவுக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும், நூற்றுக்கு 5 முதல் 9 வரை போகிறது என்று அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கத்தின் புத்தகங்கள் சொல்லும். ஆனால் சின்னக் குழந்தைகள்தான் எண்ணிக்கையில் அதிகம் இல்லையா, அதனால் தோள் மாட்டிக்கொண்ட மொத்தக் குழந்தைகளை எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி 4 கிலோவுக்கும் குறைந்தவைதான். அதாவது பெரிய குழந்தைகளை எல்லாம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டாலும் இந்த ஆபத்து லேபர் வார்டை விட்டுப் போகாது. எந்தப் பிரசவத்திலும் வரலாம் என்று எல்லோரும் தயாராக இருந்தாக வேண்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கொடுமுடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மூன்றாவது பிரசவம், ராத்திரி இரண்டு மணி. ஸ்கேனில் 3.5 என்று இருந்தது, யாருக்கும் சந்தேகமே இல்லை. தலை வந்தது, நின்றுவிட்டது. அன்றைக்கு இருந்த டாக்டரம்மா சத்தமே போடவில்லை. "நேரத்தைப் பாருங்க சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான். நானும் இன்னொரு நர்ஸும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து முழங்கால் நெஞ்சுப் பக்கம் வரும்படி தொடையை வயிற்றோடு நன்றாக மடக்கினோம், மூன்றாவது ஆள் அடிவயிற்றில் எலும்புக்குச் சற்று மேலே கையை வைத்துப் பக்கவாட்டில் அழுத்தினார், தோள் நழுவி உள்ளே சுழன்றது, குழந்தை வந்துவிட்டது. ஒன்றரை நிமிஷம் இருக்கும். எடை போட்டால் 4.3. பிறந்ததும் ஒரு விநாடி அழாமல் இருந்து பிறகு வீறிட்டது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலை மடக்குவதற்கு மெக்ராபர்ட்ஸ் முறை என்று பெயர், மாட்டிக்கொண்ட தோள்களில் பெரும்பாலானவை இது ஒன்றிலேயே விடுபடும். விடாவிட்டால் உள்ளே கையை விட்டுத் தோளைத் திருப்புவது, பின்பக்கத்துக் கையை முதலில் எடுப்பது, அம்மாவைக் கைகளும் முழங்கால்களும் ஊன்றித் தவழும் நிலைக்குத் திருப்புவது என்று அடுத்தடுத்து இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். தோள் மாட்டியதும் அங்கே ஒருவர் பதறிப்போய் வயிற்றின் மேல்பக்கம் ஏறி அமுக்க, இன்னொருவர் தலையைப் பிடித்து இழுக்க, எல்லோரும் கத்த, குழந்தை உயிரோடுதான் வந்தது. ஆனால் வலது கை தொங்கிவிட்டது. மேலிருந்து அமுக்கினால் தோள் எலும்பில் இன்னும் இறுகத்தான் செய்யும், செய்யவே கூடாத வேலை அது. அந்தக் குழந்தையின் எடை 3.6. அந்த அம்மா ஆறு மாசம் வரைக்கும் பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள், நல்ல வேளையாகக் கை பெருமளவு திரும்பியது. இப்படி அடிபடும் கைகளில் பத்துக்கு ஒன்பது சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறு மாசம் அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

இப்போது சொல்லுங்கள், இந்த இரண்டாவது காட்சியில் இருந்த ஒரு டாக்டர் அடுத்த வருஷம் 3.8 என்று ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தால் என்ன செய்வார்? நான் பழகிய டாக்டர்களில் பெரிய குழந்தைக்குப் பயந்தவர்கள் பலரும் ஒரு முறையாவது அடிபட்டவர்கள், இல்லாவிட்டால் தனியாக இருந்தவர்கள். சின்ன ஊர் நர்ஸிங் ஹோமை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு டாக்டரம்மா, ராத்திரி டியூட்டிக்கு இரண்டு பெண்கள், மயக்க டாக்டர் பக்கத்து டவுனிலிருந்து காரில் வரவேண்டும், குழந்தை டாக்டரும் போன் செய்தால்தான் வருவார். பகலில் பத்து மணிக்கு எல்லோரையும் வரவைத்து ஆபரேஷன் செய்வது அவருக்குப் பாதுகாப்பு. நடுராத்திரியில் தோள் மாட்டினால் காலைப் பிடிக்க ஆள் இல்லை. அதற்கு மேல், ஏதாவது ஆகிவிட்டால் நாற்பது பேர் வாசலில் நின்று கண்ணாடியை உடைப்பார்கள் என்ற பயம். ஆஸ்பத்திரிகளையும் அங்கே வேலை செய்பவர்களையும் தாக்குவதற்கு எதிராக 2008-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. டாக்டர்களை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லிவிட்டது, அது நோயாளிகளுக்கு நல்லதுதான், ஆனால் ஆபரேஷன் செய்ததற்காகக் கேஸ் போடுபவர்கள் குறைவு, செய்யாமல் விட்டதற்குத்தான் போடுவார்கள் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும்.

காசு ஒரு காரணமே இல்லையா என்றால், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 ஆபரேஷன், அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64. இதே தமிழ்நாட்டுப் பெண்கள்தான், இடுப்பெலும்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறாது. ஆனால் 36 என்பதும் குறைவில்லை, அங்கே இருப்பவர்கள் மாதச் சம்பளம் வாங்கும் டாக்டர்கள். அதனால் எல்லாவற்றையும் காசு என்று முடித்துவிட்டால் நம் கண்ணுக்குப் பாதி மறைந்துபோகும். பயம், தனிமை, பழக்கம் விட்டுப்போனது, இவைதான் எனக்குத் தெரிந்தவரை பெரிய காரணங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆயுதம் போட்டு எடுப்பது, வேக்குவம் வைத்துத் தலையை உறிஞ்சி இழுப்பது, தோளைத் திருப்புவது எல்லாவற்றிலும் கை பழகிய சீனியர் டாக்டர்கள் இருந்தார்கள். இன்றைக்குப் படித்து வரும் பிள்ளைகள் ஆபரேஷனில் கெட்டிக்காரர்கள், ஆனால் மற்றதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. கை பழகாததைப் பார்த்துப் பயப்படுவது மனித இயல்புதான்.

சரி, அந்த 3.8-க்கு வருவோம். அது தராசில் போட்ட எடை அல்ல. ஸ்கேன் டாக்டர் தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் என்று நான்கை அளக்கிறார், மெஷின் அதை ஒரு சூத்திரத்தில் போட்டு எடை சொல்கிறது. பெரும்பாலும் அது 1980-களில் ஹூஸ்டனில் ஹாட்லாக் என்பவர் அங்கிருந்த பெண்களை வைத்து உருவாக்கிய சூத்திரம். இதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் மேலே கீழே போவது சகஜம். உங்கள் 3.8-ல் பதினைந்து சதவீதம் என்றால் குழந்தை 3.2 ஆகவும் இருக்கலாம், 4.4 ஆகவும் இருக்கலாம். எடை கூடக் கூட இந்தத் தவறும் கூடும், அதுவும் கடைசி வாரங்களில் பனிக்குடத் தண்ணீர் குறைவாக இருந்தாலோ அம்மா கொஞ்சம் குண்டாக இருந்தாலோ வயிற்றுச் சுற்றளவை எடுப்பதே சிரமம். 4 கிலோ என்று சொல்லி ஆபரேஷன் செய்து 3.4-ல் குழந்தையைக் கையில் வாங்கியதும் உண்டு, மூன்றரை என்று சொல்லி 4.3 வந்த கதையை மேலேயே சொல்லிவிட்டேன். அந்த 3.4 குழந்தையின் அம்மா தியேட்டர் டேபிளிலேயே "எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டாள், நான் எடையைச் சொன்னதும் அவள் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு எண் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் அதுவே ஒரு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 2008-ல் இஸ்ரேலில் ஒரு ஆய்வு வந்தது. குழந்தை பெரிது என்று முன்னாலேயே சந்தேகப்பட்ட பெண்கள் ஒரு பக்கம், யாருக்கும் தெரியாமலேயே பெரிய குழந்தை பெற்றவர்கள் இன்னொரு பக்கம். சந்தேகப்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் ஆனது, தெரியாமல் போனவர்களில் 17 சதவீதம். சந்தேகம் இருந்தால் டாக்டர் வலியில் காத்திருக்க மாட்டார், அம்மாவும் மனசுக்குள் தோற்றுவிடுவாள், கூட இருக்கும் சொந்தக்காரர்கள் "பேசாம ஆபரேஷனே பண்ணிருங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் லேபர் வார்டில் தினமும் பார்த்தது இது.

எந்த எடைக்கு மேல் ஆபரேஷன் என்று யாராவது கோடு போட்டிருக்கிறார்களா என்றால், அமெரிக்கச் சங்கம் போட்டிருக்கிறது. சர்க்கரை இல்லாத அம்மாவுக்கு ஸ்கேன் கணக்கு 5 கிலோ, சர்க்கரை இருப்பவருக்கு 4.5 கிலோ, அதற்கு மேல் போனால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. யோசிக்கலாம் என்றுதான், கட்டாயம் என்று அல்ல. ஏன் இவ்வளவு மேலே வைத்தார்கள் என்பதற்கு 1996-ல் வந்த ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். சர்க்கரை இல்லாத பெண்களில் ஸ்கேனில் 4.5 கிலோவைத் தாண்டியவர்களுக்கெல்லாம் ஆபரேஷன் செய்தால், ஒரு குழந்தைக்கு நிரந்தரமாகக் கை போவதைத் தடுக்க 3,695 பேர் வயிற்றைக் கிழிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களில் அதே கணக்கு 443. அந்தக் குழந்தைகளின் தோளும் நெஞ்சும் தலையைவிடப் பெருத்து வளரும், அதனால்தான் இந்த வித்தியாசம். ஆக, எடையைவிட முக்கியமான கேள்வி உங்கள் சர்க்கரை.

இங்கே ஒன்று கேட்கிறேன், சர்க்கரை இல்லை என்று எப்போது பார்த்தது? நம் ஊரில் குளுக்கோஸ் தண்ணீர் 75 கிராம் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை டாக்டர் சேஷையாவும் அவரைச் சேர்ந்தவர்களும் பாடுபட்டுக் கொண்டுவந்த டெஸ்ட் அது, வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லாமல் செய்தார்கள், அதனால்தான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடப் பார்க்க முடிகிறது. மூன்றாம் மாதத்தில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னார்களா, 24-28 வாரத்தில் மறுபடி பார்த்தார்களா என்று ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். பார்க்காமல் விட்டிருந்தால் உடனே பார்க்கச் சொல்லுங்கள். கட்டுச்சோற்றுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த இனிப்பு, பேக்கரிப் பன், தினம் இரண்டு மாம்பழம் என்று கடைசி இரண்டு மாதத்தில் ஏறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், "சாப்பாட்டைக் குறை, குழந்தை சின்னதா இருந்தா சுலபமா வந்துரும்" என்று மாமியார் வீட்டில் சொல்வதும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், 38 வாரத்தில் பட்டினி கிடந்தால் வலி வரும்போது முக்கத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான் கிடைக்கும்.

"அமெரிக்கக் கணக்கு நம்ம பொண்ணுங்களுக்கு ஒத்துவராது, நம்ம இடுப்பு சின்னது, இங்கே மூன்றரையே பெருசு" என்று டாக்டர் சொல்லலாம். முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். நம் குழந்தைகளின் சராசரி எடை மூன்று கிலோவுக்குள்தான், 145 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம் என்றால் நாங்களே கவனமாகத்தான் பார்ப்போம். ஆனால் நீங்கள் ஐந்தடி இரண்டு, அதாவது 157. இடுப்பெலும்பு பத்தாது என்பதை வலி வருவதற்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தோ எக்ஸ்ரே எடுத்தோ உறுதியாகச் சொல்ல முடியாது என்பது பழைய பாடம். குழந்தையின் மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தலை குறுகும், இடுப்பு மூட்டுகள் பிரசவ நேரத்தில் இளகும், குத்தவைத்து உட்கார்ந்தால் கீழ்வாசல் இன்னும் கொஞ்சம் விரியும். பத்துமா பத்தாதா என்பது வலியில்தான் தெரியும்.

அம்மாயி சொல்வதையும் இங்கேயே பேசிவிடலாம். அவர் பெற்றது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்தத் தைரியத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு வீட்டில் தராசு இல்லை, அதோடு அவரோடு பிள்ளை பெற்ற எல்லோரும் இன்று திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல இல்லை. பிள்ளையோடு செத்துப்போனவர்களைப் பற்றி அவரிடம் மெதுவாகக் கேட்டால் ஒன்றிரண்டு பெயராவது சொல்வார். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இதில் இடமே கிடையாது, பெரிய குழந்தை என்றால் நிச்சயமாகக் கிடையாது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, டாக்டர் அதைச் சொல்லலாம். 38, 39 வாரத்திலேயே கர்ப்பப்பை வாயில் ஜெல் வைத்தோ, பலூன் மாதிரியான பல்பு போட்டோ வலி வரவைத்து, குழந்தை இன்னும் பெருப்பதற்குள் நார்மலுக்கு முயல்வது. 2015-ல் ஐரோப்பாவில் நடந்த ஒரு ஆய்வில் இப்படிச் செய்ததில் தோள் மாட்டுவது குறைந்தது, ஆபரேஷன் கூடவில்லை. அதற்கப்புறம் பிரிட்டனில் இதைவிடப் பெரிதாக ஏறக்குறைய 2,900 பெண்களை வைத்துப் பார்த்தார்கள், 2025-ல் முடிவு வந்தது. சீக்கிரம் வலி வரவைத்தவர்களில் தோள் மாட்டியது 2.3 சதவீதம், இயல்பாக விட்டவர்களில் 3.1 சதவீதம். கொஞ்சம் குறைவு மாதிரித் தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் 39 வாரத்துக்கு முன்னால் வலி வரவைப்பதில் விருப்பம் இல்லை, முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் பழுக்காமல் கல்லுப்போல இருக்கும்போது ஜெல் வைத்து இரண்டு நாள் படுக்கப் போட்டு, கடைசியில் "வலி வரலை, ஆபரேஷன்" என்று முடிந்ததை எத்தனையோ பார்த்துவிட்டேன். வாய் இளகியிருந்தால் கதை வேறு. டாக்டர் அடுத்த முறை பார்க்கும்போது இளகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆபரேஷனே தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை உள்ள அம்மா, 4.5-க்கு மேல் கணக்கு, போன பிரசவத்தில் தோள் மாட்டியது, வலியில் மணிக்கணக்காக இறங்காத தலை, இதிலெல்லாம் நானே "சரின்னு சொல்லு கண்ணு" என்று கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். பெரிய குழந்தையை நார்மலில் பெற்றால் அம்மாவுக்கும் விலை இருக்கிறது, ஆசனவாய்வரை கிழிவது, அதிக ரத்தப்போக்கு இரண்டும் கூடும். ஆனால் முதல் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் அடுத்ததற்கும் பெரும்பாலும் அதுவே ஆகிவிடும். ஒவ்வொரு தழும்புக்கும் அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி கீழே இறங்கி அந்தத் தழும்பில் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து ஏறும். இந்தப் பக்கத்தை யாரும் ரிப்போர்ட்டில் எழுதித் தருவதில்லை.

வேண்டாம் என்று சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம், அது உங்கள் உடம்பு. பிரிட்டனில் மாண்ட்கோமெரி என்ற பெண்ணின் வழக்கு இதே விஷயத்தில்தான் நடந்தது. சின்ன உருவம், சர்க்கரை நோய், பெரிய குழந்தை. தோள் மாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 9 அல்லது 10 என்று டாக்டருக்குத் தெரியும், ஆனால் சொன்னால் ஆபரேஷன் கேட்பார்கள் என்று சொல்லவில்லை. 1999-ல் பிறந்த அந்தக் குழந்தை 12 நிமிஷம் மாட்டிக்கொண்டு மூளை பாதிக்கப்பட்டது. 2015-ல் அங்கே உச்ச நீதிமன்றம், அந்தப் பெண்ணின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியமாகப் படுமோ அதை டாக்டர் சொல்லியே ஆகவேண்டும், வேறு என்ன வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த டாக்டர் மறைத்தது நார்மலின் ஆபத்தை. நம் ஊரில் மறைவது பெரும்பாலும் ஆபரேஷனின் ஆபத்தும் ஸ்கேனின் தவறும். இரண்டுமே ஒரே தப்பின் இரண்டு பக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தியாவிலும் 2008-ல் சமீரா கோலி வழக்கில், விவரம் சொல்லி வாங்கும் சம்மதம்தான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் புதன்கிழமைக்கு முன்னால், கூட்டமில்லாத நேரம் பார்த்து வீட்டுக்காரரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி வேண்டாம். "மேடம், எனக்குச் சர்க்கரை இல்லைங்க, இந்த எடை அரை கிலோ முன்னப்பின்ன இருக்கலாம்னு சொல்றாங்க, வலி வர்ற வரைக்கும் காத்திருந்து முயற்சி செய்யலாமுங்களா, வேற ஏதாச்சும் காரணம் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். வேறு காரணம் இருக்கலாம், தண்ணீர் குறைவு, பிரஷர், குழந்தையின் துடிப்பு என்று ஏதாவது இருந்து அவர் சுருக்கமாகப் பெருசு என்று சொல்லியிருக்கலாம், அப்படியென்றால் பேச்சே வேறு. காரணம் எடை மட்டும்தான் என்றால் அடுத்த கேள்வி: "ராத்திரியில வலி வந்தா யார் யார் இருப்பாங்க, தோள் மாட்டினா இங்கே பார்ப்பீங்களா?" இதற்கு அவர் நேராகப் பதில் சொன்னால் நல்ல டாக்டர். "எங்க கிட்ட அந்த வசதி இல்லம்மா" என்று சொன்னால் இன்னும் நல்ல டாக்டர், அவர் மேல் கோபப்படாமல் ஃபைலை வாங்கிக்கொண்டு 24 மணி நேரமும் மகப்பேறு டாக்டரும் மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் இருக்கும் இடத்துக்குப் போங்கள். நம் பக்கத்தில் கோவை, பெருந்துறை, 2022-லிருந்து திருப்பூர், நாமக்கல் என்று அரசு மெடிக்கல் காலேஜ்கள் இருக்கின்றன, சீமாங் சென்டர்கள் என்ற, அவசரப் பிரசவம் பார்க்கும் அரசு மையங்களும் இருக்கின்றன. கூட்டமாக இருக்கும், கட்டில் வசதி குறையும், ஆனால் நடுராத்திரியில் காலைப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள்.

ஆள் இருப்பது மட்டும் போதாது, பழகியிருக்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சவுத்மீட் ஆஸ்பத்திரி ஒரு சாட்சி. அங்கே டாக்டர், நர்ஸ் எல்லோரையும் சேர்த்து வருஷா வருஷம் பொம்மையை வைத்துத் தோள் மாட்டினால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்க வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் கடைசி நாலு வருஷத்தில் நிரந்தரமாகக் கை போன குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆபரேஷனைக் கூட்டி வந்த பலன் இல்லை அது, கை பழகியதால் வந்தது. இங்கே ஒவ்வொரு லேபர் வார்டிலும் மாதம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் எத்தனை டாக்டர்களின் பயம் குறையும் என்று நான் இருந்த காலத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போதும் கேட்கிறேன்.

வலி வந்தபின் மல்லாக்கப் படுத்தே கிடக்காதீர்கள். நடங்கள், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள், தண்ணீர், கஞ்சி என்று ஏதாவது குடித்துக்கொண்டே இருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் கூட ஒரு பெண் துணை இருக்கலாம், அம்மாவை வைத்துக்கொள்ளுங்கள், பயந்து அழுகிற சித்தியை வேண்டாம். வாய் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் திறக்கும்வரை மெதுவாகத்தான் போகும், அதற்குள் "இறங்கலை" என்று யாராவது சொன்னால் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். முக்கும்போது வயிற்றின் மேல் யாராவது கையை ஊன்றி அமுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லும் வேலையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் குழந்தை எந்த வழியில் வந்தாலும் சரி, எடை 4 கிலோவை ஒட்டி இருந்தால் முதல் நாளில் அதன் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும், குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்ப்பார்கள், பதற வேண்டாம். அதற்கு மருந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் சீம்பால்தான். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்க வீட்டில் யாராவது ஆசையோடு காத்துக்கொண்டிருப்பார்கள், அம்மாயியிடம் இப்போதே பேசி, அதை நாக்கில் வைக்காமல் நெற்றியில் கை வைத்து ஆசீர்வாதமாகச் செய்யும்படி சொல்லி வையுங்கள்.